வெறும் கேஸ் மாத்திரை

பிப்ரவரி 12, திங்கள்

சங்கரேஸ்வரியை இன்று கடையிலிருந்து பாதி நாளில் அனுப்பிவிட்டார்கள். அவள் பில் போடும் ஜவுளிக்கடையின் முதலாளி அவள் கண்ணைப் பார்த்து மஞ்சள் காமாலை என்றாராம். வாடிக்கையாளருக்குத் தொத்திக்கொள்ளும், சரியான பிறகு வா என்றாராம். செருப்பைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னாள். பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

காமாலை இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்கு மாத்திரை கொடுக்கும் அரசு மையத்தில் போன மாதம் மருந்தை மாற்றினார்கள். பழையது கேட்கவில்லை, இனி இது என்றார்கள். புதிய மாத்திரையில் கண் கொஞ்சம் மஞ்சளாகும், அதனால் கெடுதல் இல்லை என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது? என்ன மாத்திரை, எதற்கு என்று கேட்பார். எச்.ஐ.வி. என்ற சொல்லை நாங்கள் வீட்டுக்குள்ளேயே சொல்வதில்லை.

அவளுடைய மருந்துப் பொறுப்பு முழுவதும் என்னிடம் இருப்பதால் இனி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கல்லூரியில் வேதியியல் நடத்திய காலத்தில் ஆய்வகக் குறிப்பு எழுதாமல் ஒரு குடுவையைக்கூடத் தொட்டதில்லை. இப்போது ஞாபகத்தை நம்ப முடியவில்லை.

அவள் கணவன், என் மகன் குருநாதன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவனிடமிருந்து அவளுக்கு வந்தது. அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசாததில் பாதிக்கு அது காரணம். மீதிப் பாதிக்கு நான் காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 15, வியாழன்

கண்மாய்க் கரையில் கீழாநெல்லி நிறைய முளைத்திருக்கிறது. வேரோடு பறித்து, கழுவி, அம்மியில் அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். காமாலைக்குக் கொடுப்பது. இது காமாலை இல்லைதான். ஆனால் மஞ்சள் மஞ்சள்தானே என்று நினைத்தேன். என் படிப்புக்கு இது அழகில்லை என்றும் நினைத்தேன்.

வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு. அதனால் வாங்கிக் குடித்தாள். "உங்க வீட்டுக்கு வந்து நான் குடிக்காதது இது ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

தண்ணீர் வரி கட்டினேன். வரிசையில் யாரோ என் குடையை எடுத்துப் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 22, வியாழன்

வெறும் வயிற்றில் கீழாநெல்லி குடிப்பதால் நெஞ்செரிச்சல் என்றாள். இரண்டு நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை. நான் தினமும் போடும் கேஸ் மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தேன். காலையில் காபிக்கு முன்பு ஒன்று. சாயங்காலமே எரிச்சல் குறைந்தது என்றாள். நன்றாக இருக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னது எப்போது கடைசி என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

மருந்துக்கடை மாரிக்கனியிடம் இரண்டு அட்டை வாங்கினேன். "என்ன சார், செலவு கூடிருச்சு? வீட்டுக்கே கேஸா?" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 9, சனி

கண் வெளுத்துவிட்டது. வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். துளி மஞ்சள் இல்லை. கீழாநெல்லி வேலை செய்திருக்கிறது. திங்கள்கிழமையிலிருந்து கடைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ராத்திரி ரசம் நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

கீழாநெல்லியை நிறுத்திவிட்டோம். கேஸ் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. காலை காபி டம்ளருக்குப் பக்கத்தில் எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று வைத்துவிடுகிறேன். இட்லி சாப்பிட்டதும் அவளுடைய பெரிய மாத்திரைகள். ஒழுங்கு இருப்பது நல்லது.

ஏப்ரல் 2, செவ்வாய்

மையத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தேன். எங்கள் ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பக்கத்து மாவட்டத்து மையத்தில்தான் பதிவு. அவளுக்கு விடுப்பு கிடைக்காது என்று பெரும்பாலும் நானே போகிறேன். டப்பாவை வாங்கியதும் பேருந்து நிலையத்தின் ஓரமாக நின்று மேல் காகிதத்தை உரித்துவிடுவேன். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளையும் பிரிக்காமலே நாலாகக் கிழித்துப் போட்டுவிடுவேன். மாத்திரைகளைப் பழைய சத்து மாத்திரை டப்பாவில் கொட்டிக்கொள்வேன். இது அவள் போட்ட விதி. வீடு கூட்ட வரும் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

ஜூன் 10, திங்கள்

மனசு சரியில்லை. முறையாக எழுத முயல்கிறேன்.

இரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று போன மாதம் பார்த்தார்கள். அவள் வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இன்று முடிவு சொன்னார்கள். ஆயிரத்துக்குள் இருக்க வேண்டியது எட்டாயிரத்துக்கு மேல் இருக்கிறது. ஆலோசனை சொல்லும் அம்மாள் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உங்கள் மருமகள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்றார். போடுகிறாள் என்றேன். நீங்கள் பார்த்தீர்களா என்றார். டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறேன், வாங்கிக்கொண்டு அறைக்குள் போகிறாள் என்றேன். அவர் பேனாவை மேசையில் தட்டினார்.

வேறு மருந்து, மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். நாட்டு மருந்து முன்பு கொஞ்சம், இப்போது இல்லை என்றேன். மாத்திரை? இல்லை என்றேன். சர்க்கரை, பிரஷர், தைராய்டு? எதுவும் இல்லை என்றேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். அப்போதும் இறங்காவிட்டால் இந்த மருந்தும் கைவிட்டுவிட்டது என்று அர்த்தமாம். அதற்கு மேல் இருப்பது கொஞ்சம்தான், அதுவும் பெரிய ஊருக்குப் போய் டாக்டர்கள் குழு முன்னால் நிற்க வேண்டும். "அதுக்கப்புறம் கையில ஒண்ணும் இருக்காது, சார். சொல்லி வைங்க" என்றார்.

வழியில் மாரிக்கனி கடையில் இரண்டு அட்டை கேஸ் மாத்திரை, அரைக் கிலோ வெண்டைக்காய்.

ஜூன் 11, செவ்வாய்

சொன்னேன். நான் பேசி முடிக்கும் வரை அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் ஒருநாளும் விட்டதில்லை என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"நீங்களும் நம்பல."

"அப்படி இல்லம்மா. இனிமே என் எதிரிலேயே போட்டுட்டா நானும் தைரியமா அவங்ககிட்ட சொல்லுவேன்."

"சரி. வாயைத் திறந்து காட்டவா? நாக்கைத் தூக்கிக் காட்டவா?"

அவள் எரிச்சலில் சொன்னதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். அதுதான் நல்லது என்று சொல்லிவிட்டேன். அவள் மடித்த புடவையை அலமாரியில் வைத்தாள். பிறகு சாதாரணமான குரலில் சொன்னாள்: "உங்க பிள்ளை ஆரம்பிச்சு வச்சதை நீங்க முடிச்சு வைங்க மாமா."

ஜூன் 12, புதன்

கேஸ் மாத்திரை, காபி, இட்லி, பெரிய மாத்திரைகள். வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். ஒன்றும் இல்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

ஜூலை 6, சனி

திறந்து காட்டுகிறாள். ஒரு சொல் பேசுவதில்லை. காட்டி முடித்ததும் என் முகத்துக்கு நேரே வாயை அழுத்தி மூடுகிறாள்.

ஜூலை 19, வெள்ளி

அவள் கடைக்குப் போன பிறகு அவள் அறைக் குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தேன். நாக்குக்கு அடியில் வைத்து ஏமாற்ற முடியாது. ஆனால் போய்ப் பின்னால் துப்பலாம் அல்லவா? கூடையில் பஞ்சு, ரசீது, உடைந்த சீப்பு. மாத்திரை எதுவும் இல்லை. சன்னல் வழியாகப் பக்கத்து மனையில் எறிந்திருப்பாளோ என்று வெளியே போய்க் குனிந்து தேடினேன். மின்சாரம் இல்லை என்று கடையைச் சீக்கிரம் மூடியிருக்கிறார்கள். அவள் தெருவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடுங்க. ஏதாவது கிடைச்சா எனக்கும் காட்டுங்க."

அவளை நம்ப முடியவில்லை. என்னையும் நம்ப முடியவில்லை. டப்பாவில் நான்தான் தப்பாகக் கொட்டிவிட்டேனா என்று மாத்திரைகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தன.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவளுக்கு மறுபடி நெஞ்செரிச்சல். கவலையால் இருக்கும். கேஸ் மாத்திரையை ராத்திரியும் ஒன்று கொடுக்கத் தொடங்கினேன். மறுக்காமல் போட்டுக்கொள்கிறாள். என் கையிலிருந்து அவள் முகம் சுளிக்காமல் வாங்குவது அது ஒன்றுதான்.

செப்டம்பர் 16, திங்கள்

இருவரும் போனோம். முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஆலோசனை அம்மாளின் அறைக்குக் கதவு கிடையாது. வெளியே வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அரசாங்கம் சும்மா கொடுக்கிறது என்ற இளக்காரமா, வீட்டுக்காரர் போன பிறகும் புத்தி வரவில்லையா என்று கேட்டார். சங்கரேஸ்வரி ஒருநாளும் விட்டதில்லை என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, தினம் பார்க்கிறீங்கள்ல" என்றாள். பார்க்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு டாக்டர் அவள் கண் இமையைக் கட்டை விரலால் கீழே இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. இந்த மாத்திரை உள்ள போறவங்க கண்ணு இப்படி இருக்காதும்மா. ஒரு மஞ்சள் அடிக்கும். யாரை ஏமாத்துற?"

பெரிய ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முப்பதாம் தேதி குழுவின் முன்னால் நிற்க வேண்டும். பேருந்து நிலையத்தில் டப்பாவின் மேல் காகிதத்தை உரித்தேன். உள்ளே இருந்த தாளைக் கிழிக்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது சரியாகத் தெரியவில்லை. மார்ச் மாதம் கண் வெளுத்ததற்குக் கீழாநெல்லி காரணம் என்று எழுதியிருந்தேன். அது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

தாளைப் படித்தேன். எழுத்து கடுகைவிடச் சிறியது. பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன்.

துணி காயப்போட்டேன். பால்காரருக்குப் பாக்கி இல்லை.

செப்டம்பர் 18, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

காபிக்குப் பக்கத்தில் கேஸ் மாத்திரை வைக்கவில்லை. எங்கே என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது, மாரிக்கனி கடையிலும் இல்லை என்றேன்.

"கேஸ் மாத்திரை இல்லாத மருந்துக்கடையா?"

சரக்கு வரவில்லையாம் என்றேன். நெஞ்சைத் தடவிக்கொண்டு போனாள். எனக்கும் இன்று போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. மதியம் புளித்த ஏப்பம்.

நான் எண்ணியது இதுதான்: பேசாமல் நிறுத்திவிட்டால் கொஞ்ச நாளில் எண்ணிக்கை தானாக இறங்கும். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இப்படி எண்ணியதைக் குறித்து வைக்கிறேன். குறிக்காமல் விட்டால் நாளைக்கு நானே இல்லை என்பேன்.

செப்டம்பர் 21, சனி

அவளே வாங்கி வந்துவிட்டாள். ஒரு அட்டை, கைப்பையில் வைத்திருக்கிறாள். காலையில் காபிக்கு முன் என் கண்ணெதிரில் ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டாள். "உங்களை நம்பி இருந்தா வயிறு வெந்துரும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாள். சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அவள் குளிக்கப் போனபோது கைப்பையைத் திறந்தேன். அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். மூடுவதற்குள், மறந்த துண்டை எடுக்க அவள் திரும்பி வந்தாள்.

காசு எடுக்கிறேன் என்று நினைத்தாள். ஓய்வூதியம் வாங்குகிற மனுஷனுக்கு என் பையில் என்ன வேலை என்றாள். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தாள். குப்பைக்கூடை ஆயிற்று, பக்கத்து மனை ஆயிற்று, இப்போது இதுவா, இதைப் போட்டால்கூடக் குற்றமா என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன் என்று நினைக்கிறேன். உன்னுடைய பெரிய மாத்திரை வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். கரைந்தால்தான் இரத்தத்தில் சேரும். கேஸ் மாத்திரையின் வேலையே அமிலத்தைக் குறைப்பது. குறைந்த அமிலத்தில் மருந்து சரியாகக் கரையாமல் வீணாய்ப் போயிருக்கிறது. கண் வெளுத்தது கீழாநெல்லியால் இல்லை. மருந்து உடம்பில் சேராததால். தாளில் போட்டிருக்கிறது. நான் அதைப் பிரிக்காமல் கிழித்துக்கொண்டே இருந்தேன்.

"வேற மாத்திரை உண்டான்னு அந்தம்மா கேட்கலையா?"

"கேட்டாங்க. இல்லைன்னேன்."

"ஏன்?"

"வெறும் கேஸ் மாத்திரைதானேன்னு. அதை மாத்திரைன்னே நினைக்கலம்மா."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். துண்டு மடியில் இருந்தது. குளியலறையில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இருவரும் போய் நிறுத்தவில்லை.

"ஒருநாள்கூட விட்டதில்ல மாமா. காய்ச்சல்ல கிடந்தப்பகூட. அத்தனை பேர் முன்னால அந்தம்மா என்னைக் கேட்டப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"எப்ப தெரியும்?"

செவ்வாய்க்கிழமை என்றேன். அவள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. நேற்று காலையில் அவள் என் எதிரில் போட்டுக்கொண்டதும் அந்தக் கணக்கில் வந்தது.

"உங்க பிள்ளை ஆரம்பிச்சதை நீங்க முடிங்கன்னு அன்னைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீங்க நிஜமாவே செய்வீங்கன்னு நினைக்கல."

என் கையிலிருந்த அட்டையை வாங்கினாள். ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கழிப்பறையில் போட்டாள். அலமாரியில் என் அட்டை இருந்தது. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூடவே பெரிய மாத்திரை டப்பாவையும்.

செப்டம்பர் 30, திங்கள்

பெரிய ஊர். குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த பெண் டாக்டர் மாத்திரை போடுகிறாயா என்று கேட்கவில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து வாயில் என்னென்ன போகிறது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். சங்கரேஸ்வரி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானே சொன்னாள். பிப்ரவரியிலிருந்து கேஸ் மாத்திரை, ஆகஸ்டிலிருந்து இரண்டு வேளை. யார் கொடுத்தது என்றார் டாக்டர்.

"இவர்தான். மாமனார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பெரியவர் என்ன வேலை பார்த்தீர்கள் என்றார்.

"காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியார்" என்றாள் சங்கரேஸ்வரி.

ஓரத்தில் இருந்த இளம் டாக்டர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. இதே கதையை நிறைய வீட்டிலிருந்து கேட்கிறோம் என்றார். அது ஆறுதலா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள். பழகியிருந்தால் இந்த மருந்து முடிந்தது. பழகாமலிருந்தால் இதையே தொடரலாம். அதுவரை கேஸ் மாத்திரையோ, வேறு எதுவுமோ, கேட்காமல் வாயில் படக்கூடாது. எரிச்சலுக்கு வெறும் வயிற்றுக் காபியை நிறுத்தச் சொன்னார்.

அவள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று எழுதியிருந்த தாளைக் காட்டி, அந்த வரியை அடிக்க முடியுமா என்று கேட்டேன். நான் கேட்ட ஒரே கேள்வி அது. டாக்டர் அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பேருந்தில் அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். என் பக்கத்தில் இடம் இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

இரண்டு வாரமாக வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. "கேஸ் தீர்ந்துருச்சு" என்று இன்று சொன்னாள். நான் திடுக்கிட்டு எழுந்தேன். அடுப்புக்குச் சொல்கிறேன் என்றாள்.

அக்டோபர் 28, திங்கள்

முடிவு வந்தது. கிருமி இந்த மருந்துக்கு இன்னும் பழகவில்லை. இதையே தொடரச் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச காலம் இப்படியே போயிருந்தால் என்று டாக்டர் தொடங்கினார், முடிக்கவில்லை. எண்ணிக்கையை ஜனவரியில் மறுபடி பார்ப்பார்கள். அப்போதுதான் நிச்சயமாகத் தெரியும்.

என்னால் மகிழ முடியவில்லை. மூன்று மாதத்தில் நான் வேறு என்ன தவறு செய்வேனோ.

நவம்பர் 11, திங்கள்

எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது என்று மாரிக்கனி கடைக்கு மேலே இருக்கும் டாக்டர் போன வாரம் கண்டுபிடித்தார். ஒரு சிறிய மாத்திரையும், வழக்கம்போல் ஒரு கேஸ் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதை மேசையில் வைத்திருந்தேன்.

இன்று காலை சங்கரேஸ்வரி இரண்டையும் கையில் எடுத்து, சீட்டையும் தாளையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். கேஸ் மாத்திரை எதற்கு என்றாள். டாக்டர்கள் எல்லோருக்கும் எழுதுவதுதான் என்றேன். எரிச்சல் இருக்கிறதா என்றாள். நிறுத்திய புதிதில் இருந்தது, இப்போது இல்லை என்றேன். அப்போ எதுக்கு என்று அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். சின்ன மாத்திரையையும் தண்ணீரையும் என் கையில் கொடுத்தாள். விழுங்கினேன்.

"வாயைத் திறங்க."

விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

திறந்தேன்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினேன். சன்னல் வெளிச்சத்துக்கு என் தாடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. அத்தனை பக்கத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. வெள்ளை விழியில் மஞ்சள் ஏறியிருந்தது. நன்றாகவே ஏறியிருந்தது.

நாக்கைத் தூக்கிக்கொண்டு பேச முடியவில்லை. கையால் அவள் கண்ணைக் காட்டினேன்.

"தெரியும். நேத்தே கடையில கேட்டுட்டாங்க."

என் தாடையை விட்டாள்.

"என் கண்ணு அப்படித்தான்னு சொல்லிட்டேன். நீங்க மூடுங்க, ஈ போயிரும்."